பாங்கொக்குக்குப் போன கலியாணக் கசட்

எங்கட சனத்துக்குக் கலியாணம் எண்டால் தாலியை விட வீடியோ முக்கியம். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில, லண்டனில இல்ஃபோர்டில ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில எனக்குக் கலியாணம் நடந்தது. வந்த ஆக்கள் ஒவ்வொருத்தரும் மேடையேறி அறுகரிசி போட்டு வாழ்த்தேக்க, முகத்துக்கு லைற் அடிச்சுப் படம் பிடிச்சவை. வர ஏலாத சொந்தக்காரருக்கு கொப்பி அனுப்பாட்டில் பிறகு கதை கேக்க ஏலாதெல்லோ.

என்ர தம்பி அப்ப பாங்கொக்கில. லண்டனுக்கு அனுப்பிறன் எண்டு கூட்டிக்கொண்டு போன ஏஜென்ற் அவனை ஒரு லொட்ஜில விட்டிட்டு, இண்டைக்கு நாளைக்கு எண்டு இழுத்தடிச்சுக்கொண்டிருந்தான். அக்காவின்ர கலியாணத்தைப் பார்க்கேல்லை எண்டு தம்பி போனில அழுதான். அந்தப் பக்கம் போன ஒருத்தரிட்டைக் கலியாண வீடியோக் கசட்டைக் குடுத்துவிட்டன்.

கிடைச்ச கையோட போன் எடுத்தான். லொட்ஜில ஒரு அண்ணை இருக்கிறாராம், எங்கட தமிழ்தானாம், டிவியும் வீடியோ டெக்கும் வைச்சிருக்கிறாராம். தம்பியைப்போல அங்க காத்துக்கிடந்த பெடியளுக்குச் சோறு கறி சமைச்சுக் குடுத்து, எல்லாரையும் இருத்தி வைச்சுக் கசட்டைப் போட்டவராம். "அக்கா, அவர் ஒவ்வொருத்தரையும் இது ஆர், அது ஆர் எண்டு கேட்டுக்கேட்டுப் பார்த்தவர்" எண்டான். பிள்ளைக்குக் கதைக்க ஒரு ஆள் கிடைச்சிட்டுது எண்டு எனக்கும் சந்தோசம். எங்கட ஆக்களிட்ட "நீர் ஆற்ற பிள்ளை?" எண்டு கேட்டால் போதும், தாய்வழி தகப்பன்வழி எல்லாத்தையும் கொட்டிப்போடுவினம். கேக்காதவனைத்தான் மரியாதை தெரியாதவன் எண்டுவம்.

அடுத்த வருசம் தம்பி ஒருமாதிரி லண்டன் வந்து சேர்ந்தான். குரோய்டனில அகதிக் கேஸ் போட்டிட்டு எங்களோடதான் இருந்தான்.

என்ர மனுசன்ர சித்தி ஸ்ட்ரெதத்தில தனிய இருந்தவ. ஒரே மகன். அவன் ஒருகாலம் இயக்கத்தில இருந்து விலகி, வேற பேரில கொழும்பில ஒரு அறையில ஒளிச்சிருந்தவன். தாயிட்ட வந்து சேர வழி பார்த்துக்கொண்டிருக்க, என்ர கலியாணம் முடிஞ்சு கொஞ்ச மாதத்தில ஆரோ வந்து பிடிச்சுக்கொண்டு போட்டினம். எங்க வைச்சிருக்கினம், உயிரோட இருக்கிறானோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சித்தி வேலைக்கும் போகாமல் போனுக்குப் பக்கத்திலயே கிடந்தா.

அவனோட ஒண்டா அடைபட்டிருந்து வெளியில வந்த ஒரு பெடியன் பிறகு லண்டன் வந்தான். எங்கட வீட்டில சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க சொன்னான்: "'உன்ர அம்மா மாம்பழக் கலர் சீலை கட்டிக்கொண்டு லண்டனில கலியாண மேடையில நிண்டவ' எண்டு சொல்லிச் சொல்லித்தான் அவனை அடிச்சவை."

மாம்பழக் கலர் சீலை சித்தி கட்டினது என்ர கலியாணத்துக்கு. தம்பியைப் பார்த்தன். சோத்தில வைச்ச கை அப்பிடியே நிண்டது.

பெடியன் போனாப்பிறகு தம்பி வாய் திறந்தான். "மேடையில சித்தி அழுதவ அக்கா. ஏன் அழுகிறா எண்டு அந்த அண்ணை கேட்டவர். மகன் வர ஏலாமல் கிடக்கிறான் எண்டன். கொழும்பில நான் தங்கினது அவன்ர அறையிலதானே, எந்த ரோட்டு, என்ன பேர் எல்லாம் சொல்லிப்போட்டன்." பிறகு லொட்ஜில பெடியள் கதைச்சவையாம், அந்த ஆள் ஒரு நாட்டு உளவுப்பிரிவுக்கு வேலை செய்யிற ஆள் எண்டு. எந்த நாடு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடிக் கனபேர் அங்க திரியினமாம்.

"சோறு போட்டவனுக்கெல்லாம் சொந்தம் சொல்லிறதோ? உனக்கு வாய் சும்மா இராதோ?" எண்டு கத்தினன். சித்திக்குச் சொல்ல வேண்டாம், மனுசி தாங்காது எண்டார் என்ர மனுசன். தம்பி கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டு ஸ்ட்ரெதத்துக்குப் போனான். தனிய விட மனமில்லாமல் நானும் போனன்.

சித்தி தேத்தண்ணி போட்டுத் தந்தா. தம்பி அவவின்ர முகத்தைப் பாராமல் எல்லாத்தையும் சொல்லி முடிச்சான். செருப்பால அடிப்பா எண்டுதான் நினைச்சன். அடிச்சிருந்தால் எங்களுக்கு ஆறுதலா இருந்திருக்கும். மனுசி எழும்பிப் போய் ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு வந்து அவன்ர மடியில வைச்சா.

"அந்த அண்ணையின்ர நம்பர் தெரியுமோ தம்பி?"

"சித்தி, அவன் உளவுக்காரன்."

"ஓம், விளங்குது. அவருக்குத்தானே என்ர பிள்ளை எங்க எண்டு தெரிஞ்சிருக்கும். கோவமாக் கதைச்சிடாதையும். முந்தி மாதிரியே அண்ணை எண்டு கூப்பிட்டுக் கேளும்."