பாரிஸில் பதினான்கு பேரும் ஒரு கோபுரமும்

சுற்றுலாக் குழுவை நடத்திப் போகிறவர்களுக்கு எந்த ஊரும் முழுதாகத் தெரியாது. எந்த ஊரில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். உறவுக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு நாள் எங்காவது போய்வந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பாடு ஒரு நாள். என் பாடு நான்கு நாள், அதுவும் பாரிஸில்.

ஏலப்பாறையில் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்த நான், இப்போது பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்க்கிறேன். இந்தச் சித்திரையில் பதினான்கு பேரைக் கூட்டிப்போனேன்.

விசா வந்த துக்கம்

பழனிச்சாமி அண்ணனுக்குக் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே தென்னந்தோப்பு. விமான நிலையத்தில் அவர் மனைவி சரஸ்வதி அக்கா என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். அண்ணனுக்கு உயரம் ஆகாது. முந்நூறு தென்னைக்கும் கீழே நின்றுதான் உத்தரவு. மலம்புழா ரோப்வேயில் இருவர் உட்காரும் இருக்கையில், அக்கா கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாகப் போய்வருவார். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்கு என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது, ஈஃபில் கோபுரத்தின் உச்சியில் நாம் இரண்டு பேரும் நிற்கிற ஒரு போட்டோ வேண்டும் என்றாராம். அண்ணன் உடனே சம்மதித்துவிட்டார்.

ஏன் சம்மதித்தார் என்பதை விமானத்தில் அவரே சொன்னார். அவருக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. ஜன்னலை முதலிலேயே மூடிவிட்டார். "விசா தர மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் சரின்னு சொன்னனுங்க அம்மிணி. நம்ம நேரம், ஒரே வாரத்துல குத்திக் குடுத்துட்டாங்க."

ஆறு

முதல் நாள் செய்ன் நதியில் படகு. ஒவ்வொரு பாலம் வரும்போதும் அதன் கதையைச் சொல்ல, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைக் கொடுப்பார்கள். எங்கள் ஆட்கள் பாலத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணை திறந்து ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு எப்போது வரும், எத்தனை நாள் வரும் என்று காத்திருந்தே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் அவர்கள்.

பழனிச்சாமி அண்ணன் கருவியைக் காதிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். "பாலமெல்லாம் இருக்கட்டுமுங்க. இத்தனை தண்ணி போகுதே, மேல எவன் அணை கட்டியிருக்கறான், கடைமடைக்கு எத்தனை நாளைக்குத் தொறந்து உடறான்னு இந்தக் காதுக்குள்ள பேசற அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

காப்பி

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற செல்வராஜ் அண்ணாச்சியும் குழுவில் இருந்தார். நடைபாதைக் கடையில் காப்பி வந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். எல்லாம் எட்டு எம்.எம். பருமனுள்ள முதல்தர ஏலக்காய்கள், கரும்பச்சை. ஆளுக்கு ஒன்றாக நசுக்கிப் பதினான்கு கோப்பையிலும் போட்டார். பரிமாறியவர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார். அண்ணாச்சி ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

"காப்பியில குத்தமில்ல தங்கச்சி. வாசந்தான் வரல. அதுக்கு இவுக என்ன செய்வாக பாவம், ஊரச் சுத்தி ஒரு மல கூட இல்லையே!"

புன்னகை

மறுநாள் அருங்காட்சியகம். புன்னகைக்கிற அந்தப் பெண்ணின் படத்துக்கு முன்னால் எப்போதும் போலப் பெருங்கூட்டம். நம் முறை வந்ததும் ஒரு நிமிஷத்துக்குள் பார்த்துவிட்டு நகர வேண்டும். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று உலகமே யோசிக்கிறது என்று வழக்கமாகச் சொல்வதை நானும் சொன்னேன்.

சரஸ்வதி அக்கா படத்தைப் பார்த்தார், திரும்பிப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தார். "இதுல யோசிக்க என்னங்க இருக்குது? எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தான் சிரிப்பாரு, ஒரு சோலிக்கு முடியாதுன்னு சொல்ல வர்றப்ப."

பதினான்கு ஜோடி

கடைசி நாள் மூன்று மணிக்குக் கோபுரத்துக்குச் சீட்டு. நேரம் தவறினால் அது வெறும் காகிதம். அதற்கு முன்னால் குன்றின் மேல் இருக்கிற வெள்ளைப் பள்ளிக்குப் போனோம். பாலக்காட்டுப் பக்கம் தேவாலயத்தைப் பள்ளி என்றுதான் சொல்வோம். உள்ளே போகும் வழியை விசாரித்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, பதினான்கு பேரும் காலுறையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். வாசலில் பதினான்கு ஜோடிச் செருப்பும் ஷூவும் ஒரே வரிசையில் இருந்தன. கேட்பாரற்றுக் கிடக்கிற சாமானோ என்ற சந்தேகத்தில் அவற்றைச் சுற்றி மூன்று காவலர்கள். ஒருவர் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார்.

செருப்போடு உள்ளே போகலாம் என்று முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. காவலர்களுக்கு எங்கள் வழக்கத்தை விளக்கி முடிக்க அரை மணி நேரமானது. கடைசியில் அவர்களே சிரித்துவிட்டார்கள். பழனிச்சாமி அண்ணன் மட்டும் படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். மூன்று மணியைத் தாண்ட வைக்க அவருக்கு அதுதான் கடைசி வழி. அக்கா அதைக் கவனித்துவிட்டார். குனிந்து ஒரே இழுப்பில் தானே கட்டிவிட்டு, சிரித்துக்கொண்டிருந்த காவலரிடம் தமிழிலேயே கேட்டார்: "செருப்புக் காலோட உள்ளார போறவங்களையெல்லாம் உட்டுட்டு, மரியாதையாக் கழட்டி வெச்ச எங்களைப் புடிக்கறீங்களே, இது நாயமுங்களா?"

அடிவாரம்

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றாக இரண்டு நிமிஷம். அண்ணன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு எல்லோருடைய பைகளுக்கும் கை நீட்டினார். "நீங்க போயிட்டு வாங்க, சாமானை நான் பாத்துக்கறேன்."

அக்கா தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நான்கு எட்டு வைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்புறம் அக்கா நின்றார், திரும்பி வந்தார். அண்ணனின் தோப்புக் கிணறு எழுபது அடி என்பதும், மோட்டார் பழுதானால் கயிற்றுத் தொட்டிலில் உட்கார்ந்து அவரே இறங்குவார் என்பதும் அக்கா சொல்லி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆழத்துக்கு அவர் பயப்படுவதில்லை. அக்கா அண்ணனிடம் சொன்னார்: "ஏனுங்க, கண்ணை மூடிட்டு, மோட்டாரைப் பாக்கக் கெணத்துக்குள்ள எறங்கறதா நெனச்சுக்கங்க. பொட்டிக்குள்ள நின்னுட்டா மேல போறதும் கீழ போறதும் ஒண்ணுதானுங்க."

உச்சி

அக்காவின் கையைப் பிடித்தபடி அண்ணன் ஏறினார். லிஃப்ட் பாதி போயிருக்கும். "எழுபதடி தாண்டியிருச்சே, இன்னும் தண்ணியக் காணமே?" என்றார். எங்கள் ஆட்கள் சிரித்த சிரிப்பில், ஒன்றும் புரியாத வெளிநாட்டுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நடுவில் லிஃப்ட் மாற வேண்டும். கண்ணைத் திறக்காமலே மாறினார்.

உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போனது. அண்ணன் அதை முகத்தில் வாங்கிக்கொண்டு, "இது நம்ம ஆடிக் காத்துங்க அம்மிணி, எனக்குப் பழக்கந்தான்" என்றார். தோளை நிமிர்த்திக்கூட நின்றார். கண்ணை மட்டும் திறக்கவில்லை. ஒரு நொடி திறங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். முடியாது என்று அந்தப் படத்துப் பெண் மாதிரியே சிரித்தார். அப்படியே எடுத்தேன். "படம் கெட்டுப்போச்சே அக்கா" என்று காட்டினேன்.

அக்கா வெகுநேரம் அதைப் பார்த்தார். "உடு அம்மிணி. கண்ணை மூடிட்டுன்னாலும் இத்தனை ஒசரத்துல எம்பக்கத்துல நிக்கறாரு பாரு. ஊரு எப்படியிருக்குதுன்னு நான் பாத்துச் சொல்லிக்கறேன்."

எங்கள் அலுவலக விளம்பரத்தில் கோபுரத்துக்குப் பக்கத்தில் 'கண்ணை மூடிக்கொண்டும் பார்க்கலாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்; முதலாளி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.