அப்பா ஊரெல்லாம் கேட்ட மருந்து

பத்து வயதிலும் நான் பாயை நனைத்துக்கொண்டிருந்தேன். அந்த மானக்கேடு அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்பாவுக்குத் தெற்கில், சிங்கள ஊரில் கடை. திருவிழாவுக்கு வேலணைக்கு வந்து நிற்கும் நாட்களில் அவருக்குத் தெரியாதபடி நான் அம்மாவோடு குசினிக்குள், அடுப்படியில் படுத்துக்கொள்வேன். வந்தவருக்கு உட்கார நல்ல கதிரை, நல்ல மீன், நல்ல பிள்ளை.

எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தது. அப்பா கட்டிய வேட்டியோடு கப்பலில் வந்து இறங்கி, வீட்டோடு இருந்துவிட்டார். நான் பாயை நனைப்பது கூடிற்று. கொஞ்ச நாளிலேயே அப்பாவிடம் பிடிபட்டுவிட்டேன்.

அடித்திருந்தால் பரவாயில்லை. பிள்ளைகளோடு இருந்து பழகாத மனிதர். வாடிக்கைக்காரரோடு பேசிப் பழகிய வாய். கடைக்கு எந்தச் சாமான் எடுப்பதென்றாலும் நாலு பேரிடம் விசாரிப்பாராம். என் விஷயத்தையும் அப்படியே விசாரித்தார். சங்கக்கடையில், பஸ்ஸுக்குள், கோயில் வாசலில்.

"மகள் பாயிலை சலம் விடுறாள். ஏதும் கைமருந்து தெரியுமே?"

கடவுளே! கோயிலில் ஒரு மாமி, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால், எள்ளுருண்டையை என் கையில் வைத்து, "இதைத் தின் பிள்ளை, படுக்கை காயும்" என்றார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் நான் இருக்கும் வாங்குப் பலகையில் ஒருத்தியும் வந்து இருக்கவில்லை. மூக்கைப் பொத்தினார்கள். செத்துப்போகலாம் போலிருந்தது. அதோடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். சோறும் இறங்கவில்லை. அம்மா கெஞ்சிக் களைத்துப்போனார்.

அப்பா வந்து பக்கத்தில் குந்தினார். "ஏன் பிள்ளை போகேல்லை?"

"நீங்கள்தானே ஊரெல்லாம் சொன்னியள். எப்ப திரும்பிப் போவியள்?"

அவருக்குப் போக இடமில்லை. அது தெரிந்துதான் கேட்டேன். அப்பா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை என் படுக்கைச் சீலையைத் தூக்கிக்கொண்டு பங்குக் கிணற்றடிக்குப் போனார். நாலு வீட்டுப் பெண்களும் தண்ணீர் அள்ளும் நேரம். படுக்கை தோய்க்க ஆம்பிளைகள் அங்கே வருவதில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"என்ன அண்ணை, மகளின்ரையோ?"

"இல்லைத் தங்கச்சி, என்ரை. கடை எரிஞ்ச நாள் தொட்டு எனக்குத்தான் இப்பிடி. வெக்கத்திலை மகளைச் சாட்டி மருந்து கேட்டனான்."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தபடியே சீலையைப் பிழிந்தார். பின்னேரம் ஊர் முழுக்க அதே கதை.

நான் திரும்பப் பள்ளிக்கூடம் போனேன். வாங்கில் பழையபடி ஆட்கள் வந்து இருந்தார்கள்.

"எடியே, உண்மையிலை பாயை நனைக்கிறது உன்ரை அப்பாதானோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம்" என்றேன்.