எச்சில் மூடி

நம்பச் சொல்லி நான் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நடந்தது என் அக்காவுக்கு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்ன அன்று காது சிவக்கவில்லை, முகம்தான் வெளுத்திருந்தது. அக்கா கதை படிக்கிற ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

அக்கா போட்டோகிராபர். கல்யாணம், குழந்தைகள் என்று ஓடி ஓடி எடுத்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் கேமராவை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். எட்டு வருடம் போய்விட்டது. இப்போது இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அத்தானின் நண்பர் தன் மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பழைய கஸ்டமர் போன் செய்தாள். எட்டு வருடத்துக்கு முன் அவளுடைய கல்யாணத்தை எடுத்தது அக்காதான். இப்போது அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பிறந்த குழந்தையைப் படம் எடுக்க வேண்டும்.

"இது நல்லா வந்தா நான் கேமரா. சொதப்பினா பில் மெஷின். அவ்வளவுதான்டி" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அத்தான் தன் பங்குக்கு, "இப்பல்லாம் போன்லயே நல்லா வருதே" என்றார்.

"அப்ப உங்க ஆபீஸ் வேலையையும் போன்லயே பாருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கேமரா கடைக்குக் கிளம்பினாள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அக்காவுக்கு எச்சில் என்றால் ஆகவே ஆகாது. பெற்ற பிள்ளை வாய் வைத்த பாட்டிலில்கூடத் தண்ணீர் குடிக்க மாட்டாள். சின்ன வயதில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்ததும் நான் எல்லாவற்றையும் ஒரு நக்கு நக்கிவைப்பேன். பிறகு முழுப் பொட்டலமும் எனக்குத்தான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படம் எடுக்கும்போது லென்ஸ் மூடியைப் பல்லில் கவ்விக்கொள்வாள். இரண்டு கையும் கேமராவில் இருக்கும், பையில் போட்டால் தொலைந்துபோகும், அதனால் வாயில். கேட்டால், "என் எச்சில்தானே?" என்பாள். அவள் பல்லைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு சொத்தைகூடக் கிடையாது.

பழைய கேமராக்களை வாங்கி விற்கிற கடை அது. கடைக்காரருக்குத் தூசி என்றுதான் பெயர். எந்நேரமும் ரப்பர் பந்தை அமுக்கி எதன் மேலாவது காற்று ஊதிக்கொண்டே இருப்பார். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணாடி மேசை மேல் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று புதுசு. சின்னது, எடையே இல்லை. மற்றது பழசு. பெரியது, செங்கல் கனம். அக்கா முன்பு வைத்திருந்த அதே ரகம்.

"புதுசை எடுத்துக்கம்மா. காலம் மாறிடுச்சு. இது ஆளோட கண்ணைத் தேடி அதுவே போகஸ் பண்ணிக்கும்."

"எல்லாம் அதுவே பண்ணினா, நான் எதுக்குண்ணே?"

பழசைக் கையில் எடுத்தாள். விரல்கள் தாமாகவே பொத்தான்கள் மேல் போய் உட்கார்ந்தன. அதோடு மனசும் அதன் மேல் விழுந்துவிட்டது. ஆனாலும் ஏமாறுகிறவள் இல்லை. லென்ஸுக்குள் போன் டார்ச்சை அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கி உள்ளே தூசு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. கைப்பிடி ரப்பர் மட்டும் மிட்டாய் தின்ற குழந்தையின் கை மாதிரி பிசுபிசுத்தது. பழைய ரப்பர் அப்படித்தான், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போய்விடும். கண்ணை வைத்துப் பார்க்கிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் மட்டும் புத்தம் புதுசாக இருந்தது.

மூடி பழசு. அதன் விளிம்பில் பல் தடம். ஒரு பக்கம் வரிசையாக இருந்தது. மறுபக்கம் நடுவில் ஒரு இடைவெளி.

"இந்தாளும் நம்ம கட்சிதான் போல" என்று அக்கா சிரித்தாள். "ஒரு பல்லு இல்லாத ஆளாண்ணே?"

தூசி சிரிக்கவில்லை. சுத்தமாக இருந்த லென்ஸ் மேல் காற்று ஊதினார்.

"கழுவித்தான்மா வச்சிருக்கேன்" என்றார்.

பேருந்தில் வரும்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. லென்ஸ் மூடியைத் துடைப்பார்கள். யாராவது கழுவுவார்களா?

வீட்டுக்கு வந்ததும் கேமராவை ஸ்பிரிட்டால் துடைத்தாள். மூடியை வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். துணியில் ஒற்றி மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை மூடியின் விளிம்பு ஈரமாக இருந்தது. பிள்ளைகள் வேலை என்று நினைத்தாள். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனாள். ரப்பர் வளையமும் ஈரம். ஈரம் மட்டுமா... ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

பீளை.

"யாருடா இதுல கண்ணு வச்சது?" என்று கத்தினாள். பெரியவன் முழித்தான். சின்னது அழுதது. இரண்டு பேர் கண்ணையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தன. அத்தான் ஊரிலேயே இல்லை. அவள் மூன்று முறை கை கழுவினாள். கழுவிய பிறகும் விரலை மோந்து பார்த்தாளாம். என்ன வாடை என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்று கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். வீட்டில் அவள் மட்டும். சரியாக 12.20க்குப் பூட்டைத் திறந்தாள்.

கேமரா குளிர்ந்துதான் இருந்தது. கண் வைக்கிற இடம் மட்டும் சுட்டது. இப்போதுதான் யாரோ முகத்தை எடுத்த மாதிரி.

மூடியை மெல்ல எடுத்தாள். அதோடு ஒரு நூல் நீண்டு வந்தது. வெள்ளையாக... கொழகொழவென்று... அறுபடாமல்...

எச்சில்.

அக்கா குளியலறைக்கு ஓடினாள். காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அப்பவே அதைத் தூக்கிக் கடாசியிருக்க வேண்டியதுதானேக்கா?" என்று நான் கேட்டேன்.

"மறுநாள் காலையில குழந்தை போட்டோடி. கையில வேற கேமரா இல்ல. பேய் எச்சில் துப்புதுன்னு கஸ்டமர்கிட்டச் சொல்லவா?"

அவள் சொல்வதும் நியாயம்தான். எட்டு வருடம் காத்திருந்தவள். மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்தாள். என்ன ஆனாலும் மூடியை வாயில் வைப்பதில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்துகொண்டாள். வேலை முடிந்ததும் கேமராவைத் தூசியின் தலையிலேயே கட்டிவிடுவது என்பதுதான் திட்டம்.

மறுநாள் காலை, கஸ்டமர் வீடு. நல்ல வெளிச்சம். ஜன்னலோரம் வெள்ளைத் துவாலையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதல் படத்தை எடுத்துத் திரையில் பார்த்ததும் அக்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கை மறக்கவே இல்லை. எட்டு வருடம் எங்கேயும் போய்விடவில்லை. அவள் எல்லாவற்றையும் மறந்து எடுக்க ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் என்றால், எல்லாவற்றையும்தான்.

வெயில் நகர்ந்தது. துவாலையைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். அதற்காக லென்ஸை மூடினாள். துவாலையை நகர்த்திவிட்டு மூடியைக் கழற்றினாள். குழந்தை தூக்கத்தில் சிரித்தது. விட்டால் போய்விடும். இரண்டு கையும் கேமராவில்...

மூடி வாய்க்குப் போய்விட்டது.

மூன்று படம் எடுத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பல் அந்தத் தடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மூடி ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. நாக்கில் ஒரு ருசி. முதலில் கிராம்பு. அக்காவுக்குக் கிராம்பைக் கண்டாலே ஆகாது. அந்தக் கிராம்புக்கு அடியில் இன்னொன்று... அழுகல்.

துப்ப நினைத்தாள். வாய் திறக்கவில்லை.

கண் கேமராவில். கேமராவில் குழந்தை மட்டும்தான்.

மூடி அசைந்தது.

அவள் அசைக்கவில்லை.

'கறக்...'

மெதுவாக, ஒரே ஒரு முறை. அந்தப் பக்கத்திலிருந்து.

கன்னத்தில் மூச்சு பட்டது...

யாரோ அதே மூடியைக் கவ்விக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்துக்கு நேரே. உதட்டுக்கு உதடு.

'வ்வே...'

மூடி தெறித்து விழுந்தது. அக்கா துவாலையின் ஓரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டாள். குழந்தை வீறிட்டது. அம்மாக்காரி அதை வாரி எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"என்னக்கா இது? பச்சக் குழந்தைக்கிட்ட... உடம்பு சரியில்லன்னா ஏன் வந்தீங்க? போங்கக்கா... முதல்ல கிளம்புங்க."

அக்கா அங்கிருந்து நேராகத் தூசி கடைக்குத்தான் போனாள். அழுகை ஒரு பக்கம், குமட்டல் ஒரு பக்கம். கேமராவை மேசை மேல் வைத்தாள். மூடியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். தூசி பேரம் பேசவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. புதிய சின்னக் கேமராவைப் பெட்டியோடு எடுத்து அவள் பக்கம் தள்ளினார். விற்ற பொருளைத் திரும்ப வாங்காத ஆள் அவர்.

"யாரோடதுண்ணே இது?"

அவர் ரப்பர் பந்தைக் கையில் எடுத்தார். ஊதவில்லை.

"உன்ன மாதிரிதாம்மா. போட்டோகிராபர். தனி ஆளு. ஒரு வாரமா ரூம் திறக்கலன்னு கதவை உடைச்சாங்க. நல்ல வெயில் காலம் வேற. ஸ்டாண்டுல கேமரா... அதுல கண்ணை வச்சபடியே நாற்காலில உட்கார்ந்திருந்தார். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்கன்னு அவர் தம்பிதான் என்னைக் கூப்பிட்டான். கண்ணு வைக்கிற ரப்பர் மட்டும் தேறல. முகத்தோட ஒட்டிப்போச்சு. அதான் புதுசு போட்டேன்."

"மூடி?"

தூசி தலைகுனிந்துகொண்டார்.

"பல்லுல கவ்வியிருந்தார். மூடி... நல்லாத்தான் இருந்துச்சும்மா. தூக்கிப் போட மனசு வரல. கழுவி வச்சேன்."

அக்கா புறங்கையால் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவருக்கு ஒரு பல்லு..."

"மேல் பல்லு ஒண்ணு இல்ல. அவருக்கு எப்பவும் பல்லுவலிம்மா. வாயில கிராம்பு இல்லாம அவரை நான் பார்த்ததே இல்ல. உனக்கெப்படித் தெரியும்?"

அக்கா சின்னக் கேமராவோடு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஈறில் ரத்தம் வரும்வரை பல் தேய்த்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அந்தக் குழந்தையின் அம்மா நல்ல மனசுக்காரி. அன்றைக்கு எடுத்தவரைக்கும் இருந்த படங்களை, கழற்றி வைத்திருந்த மெமரி கார்டிலிருந்து அக்கா அனுப்பிவைத்தாள். பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள். "அன்னிக்கு ஏதோ கோபத்துல பேசிட்டேன்க்கா. மறுபடி வாங்க." அக்கா சின்னக் கேமராவோடு போனாள். அது நன்றாகவே கண்ணைத் தேடியது. படங்கள் அவ்வளவு அழகாக வந்தன. ஒருவர் பார்த்து இன்னொருவர் என்று இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். பில் மெஷின் போன இடம் தெரியவில்லை. "என் பொண்டாட்டி போட்டோகிராபர்" என்று அத்தான் ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து மேசை மேல் வைத்தாள். சின்னக் கேமராவின் மூடி. புதுசு. பெட்டியைப் பிரித்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சத்தியமா நான் இதை வாயில வைக்கலடி. பையில போட்டு ஜிப்பை இழுத்து மூடிட்டுத்தான் எடுத்தேன்."

பார்த்தேன். விளிம்பில் பல் தடம். ஒரு பக்கம் வரிசையாக இருந்தது. மறுபக்கம் நடுவில் ஒரு இடைவெளி.

"வாயைத் திற" என்றேன்.

திறந்தாள். போனில் டார்ச் போட்டு மேலும் கீழும் பார்த்தேன். எல்லாப் பல்லும் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் குனிந்தேன்...

கிராம்பு.

அதற்கு அடியில், இன்னொன்று.

"எல்லாம் இருக்காடி?" என்றாள், வாயை மூடாமலே.

"இருக்குக்கா" என்றேன்.

வாடையைப் பற்றி நான் சொல்லவில்லை. மறுநாள் காலை அவளுக்கு இன்னொரு குழந்தை போட்டோ இருந்தது.