பொலியில் பட்ட ஈரம்

என் மேசைமேல் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி இருக்கிறது. உருளை வடிவம், உள்ளங்கை நீளம், ஒரு முனை மட்டும் சற்று உடைந்தது. மாங்கொட்டைத் தூளை இயந்திரத்தில் அழுத்திச் செய்த எரிகட்டி. திருப்பதியில் மழை பிடிக்கும் மாதங்களில் அதிலிருந்து புளித்த மாம்பழத்தின் வாசம் லேசாகக் கிளம்பும். என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். போன மழையிலிருந்து அந்த வாசம் வருவதில்லை. கட்டி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, உறையின் வாய் இறுக முடிச்சிடப்பட்டிருக்கிறது. முடிச்சுப் போட்டது நான் இல்லை.

கட்டியைச் செய்தவர் என் அப்பாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அதனால் அவர் எனக்குச் சின்ன நைனா. சித்தூர்ப் பக்கத்துப் பாலசமுத்திரத்தில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து குவைத்துக்குப் போய், பல வருடம் பாய்லர் ஓட்டியவர். திரும்பி வந்தபோது அவர் கொண்டுவந்தவை: இரண்டு கம்பளி, ஒரு டார்ச் லைட், விடாத முதுகுவலி, இனி விமானம் ஏறுவதில்லை என்ற முடிவு. அந்த முடிவை நம்பித்தான் சின்னம்மா அவருடைய பயணப் பெட்டியை அடுப்படிக்குத் தூக்கிப் போய் அதில் அரிசி கொட்டி வைத்தார்.

சித்தூரைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் நிறைய. சீசன் வந்தால் கொட்டைகளை லாரி லாரியாகச் சாலையோரம் தள்ளுவார்கள். அவை அழுகி, ஈ மொய்த்து, பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நகரியிலோ சாயப்பட்டறைகளின் பாய்லருக்கு விறகு கிடைக்காமல் அலைந்தார்கள். இந்த இரண்டையும் ஒரு கோட்டில் சேர்த்தது சின்ன நைனாதான். கொட்டையைக் காயவைத்து, தூளாக்கி, கட்டியாக அழுத்தி நகரிக்கு அனுப்புவது. "ஊரே பழத்த துன்னுட்டு கொட்டைய ரோட்டுல துப்புது. துப்புனத பொறுக்கி அடுப்புல போடறேன். அவ்ளோதான் பாப்பா என் விஞ்ஞானம்" என்பார்.

கங்காதர நெல்லூர் சாலையில் ஒரு கொட்டகை எடுத்தார். தூய எரிபொருள் வழங்கலில் புதியதைச் செய்து பார்க்கும் சிறு தொழில்களுக்கு அரசு மானியம் தந்துகொண்டிருந்த காலம். முதல் பகுதியில் அழுத்தும் இயந்திரம் வந்தது. அடுத்த பகுதி உலர்த்தும் இயந்திரத்துக்கு. அதுவரை வெயில்தான் எங்கள் உலர்த்தி. பொறியியல் முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தூளின் ஈரத்தை அளப்பது, கட்டியை உயரத்திலிருந்து போட்டு உடைகிறதா என்று பார்ப்பது, எரியும் சூட்டைக் குறிப்பது, ஆலைக்காரர்களோடு தெலுங்கில் சண்டை போடுவது எல்லாம் என் பொறுப்பு. கொட்டை பொறுக்க வந்த பெண்கள் என்னைச் சீண்டுவார்கள். "இன்னா இஞ்சினியரம்மா, மாங்கொட்டைக்கு சர்க்காரு காசு குடுக்குதாமே, புளியங்கொட்டைக்கு எப்போ?"

மானியக் குழு பார்வையிட வருகிறது என்று தெரிந்ததும் என் பட்டியலின் முதல் வரி ஈரம்தான். எந்தத் தூளிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதற்கு மேல் போனால் அச்சுக்குள் தண்ணீர் ஆவியாகி கட்டியை உள்ளிருந்தே வெடிக்கச் செய்துவிடும். பார்வைக்கென்று ஒரு குவியலை நன்றாகக் காயவைத்து, அளந்து, தார்ப்பாயால் மூடினோம். "அவங்க வந்து பாத்துட்டு கையெழுத்து போட்டா போதும், அப்பால நான் எங்கியும் போவ வேணாம்" என்று சின்ன நைனா சொன்னார். சொல்லும்போது சின்னம்மாவைப் பார்க்கவில்லை. சின்னம்மாவும் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் வந்தபோது கொட்டகை முன்னால் பெரிய கோலம். தரை முழுவதும் ஈரம். இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு, மாலை. சின்னம்மா கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் நின்றார். குழுவினர் மூவர் வந்தார்கள். மோர் கொடுத்தோம். அவர்கள் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. பிறகு தார்ப்பாயை விலக்கி, தூளை அள்ளி, இயந்திரத்தை ஓட்டினோம்.

முதல் கட்டி அச்சைவிட்டு வெளியே வந்து தட்டில் விழுந்தது, மண்ணாங்கட்டிபோல் உதிர்ந்தது. அடுத்தது பட்டாசுபோல் வெடித்து வந்தது. அதற்கடுத்தது கட்டியாகவே இல்லை, புகையும் தவிடும். குழுவின் மூத்தவர், "ஏமண்டி இதி?" என்றார், என்னங்க இது என்று. நான் ஓடிப்போய்க் குவியலுக்குள் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. கையை எடுத்தேன். உள்ளங்கை மஞ்சளாக இருந்தது.

எங்கள் ஊரில் களத்தில் நெல் அடித்துக் குவித்தால் அந்தக் குவியலைப் பொலி என்போம். வெளியார் வந்து அளப்பதற்குமுன் வீட்டுப் பெண் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். கண் படக்கூடாது, அள்ள அள்ளக் குறையக்கூடாது. சின்னம்மாவின் பிறந்த வீட்டுக்குச் சொந்தக் களம் இருந்ததில்லை. அவர் பார்த்த பொலிகளெல்லாம் பிறருடையவை. வாழ்க்கையில் முதல்முறை அவருக்கென்று ஒரு குவியல். அதை வெளியூர்க்காரர்கள் அளக்க வருகிறார்கள். அவர் வெறுமனே தெளிக்கவில்லை, குடத்தையே சுற்றிச் சுற்றிக் கவிழ்த்து, புழுதி படாமல் இருக்கத் தார்ப்பாயைப் பழையபடி இழுத்து மூடியிருக்கிறார். வெயில் அந்தத் தண்ணீரைத் தார்ப்பாய்க்குள் புழுக்கித் தூள் முழுவதும் ஏற்றிவிட்டது.

சின்ன நைனா என் கையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே சின்னம்மா மோர்த் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு, ஏதோ நன்றாக நடக்கிறது என்ற முகத்தோடு நின்றார். சின்ன நைனா என்னிடம் குரலைத் தாழ்த்தி, "பாப்பா, கைய தொடச்சிக்கோ" என்றார்.

குழுவிடம் திரும்பி, "பனி சார். ராத்திரி பனி எறங்கிடுச்சி" என்றார்.

"பனிக்கே இப்படியென்றால் மழைக்கு என்ன செய்வீர்கள்?" என்று மூத்தவர் தெலுங்கில் கேட்டார். கடுமையாகக்கூடக் கேட்கவில்லை. அந்த மழைக்குத்தான் உலர்த்தி கேட்டிருந்தோம். ஈரத்தைத் தாங்காத முறை என்று முடிவாகி, அடுத்த பகுதி வரவில்லை.

நடந்ததைச் சொல்லி இன்னொரு நாள் கேட்டிருக்கலாமே என்று சின்ன நைனாவிடம் கோபமாகக் கேட்டேன். இயந்திரத்தின் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சொன்னா ஊருக்குத் தெரியும். கொட்டகை போச்சின்னா அவளாலன்னு சொல்லுவாங்க. நான் மறுபடியும் போனா, பொண்டாட்டி தண்ணி ஊத்தித் தொரத்துனான்னு சொல்லுவாங்க. நான் அங்க போய்க் குந்திக்குவேன். அவ இங்க தனியா அந்தப் பேச்சக் கேட்டுக்கினு இருக்கணும். வேணாம் பாப்பா."

அரிசியை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டுப் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தது சின்னம்மாதான். சின்ன நைனா மறுபடி குவைத் போனார். சில வருடங்களுக்குப் பிறகு, மாங்காய் இறங்கும் சமயத்தில், அங்கே பாய்லர் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. சென்னை விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில்தான் அவரை வாங்கிக்கொண்டோம். அந்த மஞ்சள் தண்ணீரைப் பற்றி நானும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நானும் அப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். சின்னக் கொட்டகைகளுக்குப் போகிறேன். வாசலில் புதுக்கோலமும் நனைந்த தரையும் கண்டால் முதலில் தார்ப்பாயைத் தேடுவேன். இயந்திரத்தை ஓட்டச் சொல்வதற்குமுன் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கிறேன். ஈரம் தட்டினால், எனக்கு வேறு வேலை இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன். உடன் வருகிறவர்களுக்கு என் பழக்கம் புரிவதில்லை.

சின்னம்மா வீட்டுக்குப் பண்டிகைக்குப் போனபோதுதான் அவர் வாசலைக் கவனித்தேன். தண்ணீர் தெளிக்காத, புழுதி பறக்கும் தரையில் கோலம் போட்டிருந்தார். காற்றுக்கு மாவு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க சின்னம்மா ரொம்ப நாளா இப்பிடித்தான். சொன்னா கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தாள். எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை.

போன மழையில் சின்னம்மா திருப்பதிக்கு என் வீட்டுக்கு வந்தார். மேசையில் இருந்த கட்டியைப் பார்த்ததும் எடுக்கவில்லை. முதலில் இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்தார். விரல் விரலாக, நெடுநேரம். பிறகு எடுத்து, தன் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, முடிச்சிட்டு, முன்பிருந்த இடத்திலேயே வைத்தார்.

"ஈரம் பட்டுடப் போவுது பாப்பா" என்றார்.