என் போட்டியாளர் கழற்றிக் கொடுத்த ஸ்பிரிங்

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாணேர் பக்கம் இருந்த துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவேன். வீட்டில் சிரிப்பார்களே தவிரத் தடுத்ததில்லை. கிளப் கொடுத்த பிஸ்டல்தான் என்றாலும் கை நன்றாகப் பழகிவிட்டது. தேசியப் போட்டிக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் வந்துவிட்டது.

அந்த வருட மழைக்காலத்தில், கேம்ப் பகுதியில் என் லூனா மொபெட்டோடு வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு பிசகியது. சுடுவது வலது கைதான். ஆனால் முதல் தோட்டாவை ஏற்ற, பிஸ்டலின் மேல்பாகத்தை இடது கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும். உள்ளே ஒரு விறைப்பான ஸ்பிரிங் இருக்கும். ஒவ்வொரு முறை சுட்டதும் பின்னால் பாய்கிற மேல்பாகத்தை அதுதான் முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். அதை எதிர்த்து இழுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

கிளப்பில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருந்தார். கம்ப்யூட்டர் வேலையாக அமெரிக்கா போனவர், அங்கிருந்து லேசான ஸ்பிரிங் ஒன்று வாங்கி வந்திருந்தார். "கம்பெனி ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு இதைப் போடுங்க. இழுக்கவும் லேசு, உதைக்கறதும் கொறையுமுங்க" என்றார்.

மாற்றுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் குழம்பினேன். கடைசியில் அதே கிளப்பில் சுடும் தாயியிடம் கேட்டேன். மராத்தியில் தாயி என்றால் அக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர், கோர்ட்டில் வக்கீல். அவரிடமும் என்னுடையதைப் போன்ற அதே பிஸ்டல்தான். யாரிடமும் சிரித்துப் பேசமாட்டார். கம்பெனிக்காரன் யோசிக்காமலா வைத்திருப்பான், அதைத் தொடாதே, கையைத் தேற்றிக்கொண்டு வா என்று இந்தியில் வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாநில அணியில் ஒரே ஓர் இடம்தான் காலி. அதற்கு நானும் தாயியும்தான் முட்டிக்கொண்டிருந்தோம். நான் வலியோடு தடுமாறுவது அவருக்கு நல்லதுதானே என்று என் மனம் கணக்குப் போட்டது. ஸ்பிரிங்கை மாற்றிவிட்டேன். பழகும்போது வெண்ணெய் மாதிரி ஓடியது. பழைய ஸ்பிரிங்கைக் கிர்க்கியில் இருந்த என் வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்த இடத்துக்கான தேர்வுப் போட்டிக்குப் போனேன்.

போட்டி இரண்டு பகுதி. முதல் பகுதியில் நிதானமாகச் சுடலாம். இரண்டாவதில் வேகம் வேண்டும். முதல் பகுதியில் நான் தாயியைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தேன். ஆனால் அது முடிகிற சமயத்தில், உள்ளே கரி படிந்ததாலோ என்னவோ, மேல்பாகம் பாதியில் நின்று தோட்டா சிக்கிக்கொண்டது. நடுவர் வந்து பார்த்து, மறுபடி சுட அனுமதித்தார். எப்படியோ முடித்தேன். ஆனால் அந்த லேசான ஸ்பிரிங்குக்குத் தெம்பு போதவில்லை என்று புரிந்துவிட்டது. வேகப் பகுதியில் மறுபடி மறுபடி சிக்கினால் அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்டலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் பகுதியில் எங்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். தாயியின் குழு முதலில் சுட்டது. அவர் அருமையாகச் சுட்டார். இனி அவர் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் சிக்கினால் இடம் அவருக்கு.

அவர் நேராக என்னிடம் வந்தார். "மாத்திட்டியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். திட்டவில்லை. நடுவரைக் கூப்பிட்டு, தன் பிஸ்டல் காலி என்று காட்டி, அவர் கண்முன்னாலேயே அதைப் பிரித்து ஸ்பிரிங்கை உருவி என் முன்னால் வைத்தார். துப்பாக்கியை மறுபடி சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், நேரமாகும் என்று நடுவர் தயங்கினார். தாயி கோர்ட்டில் வாதாடுவதைப் போலவே அவரிடம் வாதாடி அனுமதி வாங்கினார். இழுப்பதற்கு வலிக்கும், பல்லைக் கடித்துக்கொள் என்றார்.

"இதனால உங்க இடம் போயிடுமே தாயி" என்றேன்.

"நான் ஜெயிக்க வேண்டியது உன்னை. உன் ஸ்பிரிங்கை இல்லை" என்றார் அவர்.

அவருடைய ஸ்பிரிங்கை மாட்டி, சோதனையை முடித்துக்கொண்டு சுடும் இடத்துக்குப் போனேன். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கண்ணில் நீர் வந்தது. ஆனால் ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. முடிவுகள் பலகையில் ஏறியபோது தாயியைவிட நான்தான் முன்னால் இருந்தேன். சந்தோஷப்படக்கூடத் தெரியாமல் நின்றேன்.

தாயி பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவர் அதை மறைக்கவும் இல்லை. பிறகு வந்து ஸ்பிரிங்கைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். தன் பிஸ்டலில் மாட்டி, பெட்டியை மூடினார். தேசியப் போட்டி நடக்கிற ஊரில் குளிர் கடுமையாக இருக்கும், விரல் விறைத்துவிடும், நல்ல கையுறை வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தேசியப் போட்டியில் நான் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. சில வருடங்களில் துப்பாக்கியையும் விட்டுவிட்டேன். ஆனால் தோற்கக்கூடும் என்று நன்றாகத் தெரிந்தும், தன் வெற்றியில் ஒரு சின்னக் கறைகூட இருக்கக் கூடாது என்று ஒரு மனுஷி நினைத்ததை அன்று கையெட்டும் தூரத்தில் பார்த்தேன். அந்தப் பிரமிப்பு இன்றுவரை எனக்கு அடங்கவில்லை.