ஆமைப் பட்டிக்கு ஒரு பூட்டு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று என் மனைவி சொன்னாள். மகள் தன்னுடைய ஆமையை எங்களிடம் விட்டுவிட்டுப் போகப்போகிறாள் என்று தெரிந்த அன்றே சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. முப்பது வருடம் இந்த ஒஸ்லோவில் பனியில் வழுக்கி விழுந்து எழும்பி, ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி முதுகைக் கொடுத்து, ரொம்மனில் நாலு பாய் விரிக்கக்கூடிய புல்தரையோடு ஒரு வீடு எடுத்திருக்கிறோம். அது கெடுவதற்கு ஆமை வந்துதான் ஆகவேண்டுமா?

“வீட்டுக்குள்ளை விடமாட்டன். வெளியிலை வைச்சு நீங்களும் உங்கடை மகளும் என்னவும் செய்யுங்கோ,” என்றாள்.

‘உங்கடை மகள்’ என்று அவள் சொன்னதே எனக்குப் பெரிய விஷயம். அதற்கு முந்திய மூன்று வருடமும் மகள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஒரு நோர்வேக்காரப் பொடியனோடு கலியாணம் கட்டாமல் ஒன்றாக இருக்கப்போகிறேன் என்று அவள் வந்து சொன்ன நாளில், உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சொன்னவன் நான். அவளுக்குப் போட்ட சோறு மேசையில் அப்படியே இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெறும் வயிற்றோடு படி இறங்கியதில்லை. குழாய் திருத்த வந்தவனுக்குக்கூட இவள் வடை கொடுத்துத்தான் அனுப்புவாள். என் மகள் பசியோடு போனாள்.

அந்தப் பொடியன் ஒரு வருடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அதையும் அவள் தாய்க்குத்தான் சொன்னாள். தாயும் மகளும் ஒவ்வொரு நாளும் போனில் கதைப்பார்கள், சிரிப்பார்கள். நான் அடுத்த அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு அவளுக்கு ஹம்மர்பெஸ்டில் எரிவாயு ஆலையில் வேலை கிடைத்தது. நாட்டின் வடக்குத் தொங்கல். அங்கே கோடை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆமையை வெளியே விட வழியில்லை. தாயிடம் கேட்டாள். “எனக்கு உந்தச் சீவனைப் பற்றித் தெரியாது. கொப்பரிட்டைக் கேள்,” என்று இவள் போனை என் கையில் திணித்தாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அப்பா, உங்கடை முன்பக்கத்திலை எத்தினை மணித்தியாலம் வெயில் விழும்?” என்பதுதான். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாள் முழுக்கக் கதிரையைப் போட்டுக்கொண்டு புல்லில் வெயில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் தாயிடம் கொடுத்தனுப்பியது மத்தியதரைக்கடல் பக்கத்துத் தரையாமை, என் விரித்த கையின் அளவு. அதற்கு முத்திரை குத்திய அரசாங்கப் பத்திரம் இருந்தது. எனக்கு இந்த நாட்டில் அப்படியொரு பத்திரம் கிடைக்க எத்தனை குளிர்காலம் எடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆமை ஒரு அகதி முகாமிலும் இருக்கவில்லை.

முற்றத்தில் ஆமைக்குப் பட்டி கட்ட முதலில் கம்பிவலை அடித்தேன். கோழிக்கூடு கட்டிய புத்தி. ஆமைக்கு வலைக்கு வெளியே இருப்பதெல்லாம் தெரிந்தது; அதில் முட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓரத்தாலேயே நடந்தது. மூக்குத் தோல் உரிந்துவிட்டது. ஆமையைப் பார்க்க ஞாயிறுதோறும் வீடியோவில் அழைக்கும் மகள் அதைக் கண்டுவிட்டுக் கத்தினாள். “அதுக்கு வெளியாலை தெரியக்கூடாது அப்பா. பலகை அடிக்கோணும். தெரியாட்டி அதுக்குப் போக மனம் வராது.” அவளைச் சுற்றி நானும் இருபது வருடம் பலகை அடித்துத்தான் பார்த்தேன். அதைச் சொல்லவில்லை. ஓம் பிள்ளை என்றேன்.

வலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகை அடித்தேன். ஆமை தோண்டும் என்பதால் பலகையை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கவேண்டும். எங்கள் மண் வெறும் களி, அதற்குக் கீழே கல். ஒரு பக்கம் இறக்க எனக்கு இரண்டு நாள் சென்றது. மூலையில் கால் வைத்து ஏறித் தப்பும் என்றாள். மூலைக்கு மூலை மேலே முக்கோணப் பலகை வைத்தேன். ஈரத்தில் கிடந்தால் ஓட்டில் நோய் வரும் என்றாள். களியை அள்ளிக் கொட்டிவிட்டுச் சரளையும் மணலும் போட்டு ஒரு மேடு எழுப்பினேன். வெயில் காய ஒரு தட்டைக் கல். மூலையில் பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு பெட்டி வீடு, உள்ளே சூட்டு விளக்கு, ஏனென்றால் இங்கே யூலையிலும் பல் கிடுகிடுக்கும். காகத்துக்கும் நரிக்கும் பயந்து மேலே வலைமூடி. அயலவர்கள் மருந்தடித்து அழிக்கிற லோவெதான் என்ற மஞ்சள் பூக் களையை நான் விதை தூவி வளர்த்தேன். அதன் இலைதான் அதற்குச் சாப்பாடு.

இவள் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். “முப்பது வருசமா எனக்குச் சாமான் வைக்க ஒரு தட்டு அடிச்சுத் தரேல்லை. ஆமைக்கு மாளிகை,” என்றாள்.

உண்மைதான். அவளுக்குத் தட்டு அடித்துக் கொடுக்காவிட்டாலும் அவள் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். மகள் அப்படி இல்லை. ஆமை உயிரோடு இருக்கும்வரைதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதலில் ஆமையை மட்டும் காட்டச் சொன்னாள். யூனில் போனைத் திருப்பச் சொல்லி என் முகத்தைப் பார்த்தாள். ஓகஸ்டில், “உங்கடை முதுகு எப்பிடி?” என்று கேட்டாள். அன்று முழுக்க எனக்கு முதுகு வலிக்கவில்லை.

செப்டம்பர் முடிய ஒரு கடதாசி அனுப்பினாள். நோர்வேஜிய மொழியில் இரண்டு பக்கம். “அப்பா, அதுக்கு டுவாலே முக்கியம். வடிவா வாசியுங்கோ.” டுவாலே என்றால் குளிர்காலத் துயில். ஆமை ஐந்து மாதம் சாகாமல் செத்தது போலக் கிடக்கும். ஒஸ்லோ மண் உறைந்து போவதால் வெளியே விட முடியாது. ஐந்து பாகைக் குளிரில் ஒரு பிரிட்ஜுக்குள் வைக்கவேண்டும். பழைய சின்னப் பிரிட்ஜ் ஒன்றை நிலவறையில் இருக்கும் எங்கள் சாமான் அறையில் வைத்தேன். நிலவறையும் வீடுதானா என்று இவளோடு ஒரு கிழமை வாக்குவாதம். கடைசியில், “கீழை வைச்சாலும் புகுந்தது புகுந்ததுதான்,” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் விட்டாள்.

கடதாசியில் ஒரு வரிக்குக் கீழே மகள் இரண்டு கோடு இழுத்திருந்தாள். துயிலுக்கு முன் மூன்று கிழமை ஒரு சாப்பாடும் கொடுக்கக்கூடாது. நாளுக்கொருதரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிக்க வார்த்துக் குடல் காலியாகவேண்டும். உள்ளே சாப்பாடு இருந்தால் குளிரில் செரிக்காது, அழுகும், ஆமை சாகும்.

நான் மூன்று கிழமையும் சாப்பாடு கொடுக்கவில்லை. லோவெதான் முழுவதையும் வேரோடு பிடுங்கினேன். குளிக்க வார்த்தேன். காலையில் நான் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் அது பெட்டி வீட்டிலிருந்து மேட்டைச் சுற்றி நடந்து வரும். கழுத்தை நீட்டி என் கையைப் பார்க்கும். கையில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். ஒரு பிராணி முறைப்பாடு செய்யாமல் திரும்பிப் போவதைப் பார்க்கிற துணிவு எனக்கு இல்லை.

கடைசி நாள் நான் ஒரு பிடி சோற்றில் பழுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து கொண்டுபோனேன். நாளைக்கு ஐந்து மாதப் பயணம். வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது? ஒரு பிடி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் கடதாசியை எழுதினவர்கள் சோறு கொடுத்து யாரையும் வழியனுப்பித் தெரியாதவர்கள் என்றும் நினைத்தேன். பெரிய அறிவு எனக்கு.

இவள் யன்னலைத் திறந்தாள். “இஞ்சாருங்கோ, குடுக்க வேண்டாமெண்டெல்லோ பிள்ளை எழுதி விட்டிருக்கு?”

“ஒரு பிடிதான். நீ உன்ரை வேலையைப் பார்.”

அது கடைசிப் பருக்கை வரை தின்றது. எனக்கு மனம் நிறைந்து போயிற்று.

குளிர்காலம் முழுக்கக் கிழமைக்கு ஒருதரம் பிரிட்ஜைத் திறந்து காற்று விட்டேன். தராசில் வைத்து நிறுத்தேன். நிறை குறையவே இல்லை. அதைப் பெருமையாக மகளுக்குச் சொன்னேன். “நல்லாப் பாக்கிறியள் அப்பா,” என்றாள்.

மார்ச் மாதக் கடைசியில், தானே ஆமையை எழுப்பவேண்டும் என்று ஹம்மர்பெஸ்டிலிருந்து வந்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். இவள் விடியவே எழும்பிக் கணவாய்க் கறி வைத்திருந்தாள். வந்த காலோடு நிலவறைக்குப் போனோம். பெட்டியைத் திறந்ததும் நாற்றம் வந்தது. மகள் ஆமையைத் தூக்கினாள். தலை தொங்கியது. அவள் சீமெந்துத் தரையில் குந்திவிட்டாள்.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். மத்தியானம் திரும்பி வந்தவள் சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“வயித்துக்குள்ளை சோறு கிடந்ததாம். ஆமைக்கு ஆர் சோறு குடுத்தது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவள் குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நான்தான் பிள்ளை. பாவமாக் கிடந்துது.”

மகள் தாயின் பக்கம் திரும்பினாள். “பாவமோ? ஆமை புகுந்த வீடு எண்டு முதல் நாள் தொடக்கம் சொன்னது நீங்கள்தானே. அது துலையோணுமெண்டு நிண்டனீங்கள்,” என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்திருந்தவன் திரும்ப மூடிக்கொண்டேன். மகள் என்னிடம் வந்து என் கையைப் பிடித்து, “நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டினனீங்கள் அப்பா,” என்றாள். சாப்பிடாமல் போனாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு இவளைக் கேட்டேன். “என்னோடை ரெண்டு நாள் கோவிப்பாள். நீங்களெண்டா ஒரேயடியா விட்டிடுவாள்,” என்றாள். அந்த இரண்டு நாள் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு நாளும் அடித்த போன் இப்போது இவளுக்கு அடிப்பதில்லை. ஞாயிறு மட்டும் அடிக்கிறது, எனக்கு. நான் கோழை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடவேண்டும் என்று இருக்கிறேன். அவள் “அப்பா” என்று கூப்பிட்டதும் விட்டுவிடுகிறேன். இவள் அந்த நேரம் குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவுவாள்.

இந்த மே மாதம் மகள் இன்னொரு ஆமையோடு வந்தாள். முற்றத்திலேயே நின்று பட்டியைச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே மேசையில் இவள் சோறு போட்டு வைத்திருந்தாள். விமானத்திலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றாள்.

“இதுக்கு ஒரு பூட்டுப் போடுங்கோ அப்பா. பிரிட்ஜுக்கும் போடுங்கோ. அம்மாவைக் கிட்ட விடாதேங்கோ.”

“ஓம் பிள்ளை,” என்றேன்.

மூடியில் கொண்டி அடித்து, பூட்டுப் போட்டு, திறப்பை என் சட்டைப் பைக்குள் வைத்தேன். நான் ஆணி அடிக்கும்போது பலகை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்தான். “இன்னும் கொஞ்சம் மேலை,” என்று மட்டும் சொன்னாள்.

நான் பிடுங்கி எறிந்த லோவெதான் பட்டிக்குள் இன்னும் சரியாக முளைக்கவில்லை. அதனால் இவள் காலையில் வேலைக்குப் போகமுன் மெட்ரோ தண்டவாளத்து ஓரமாக நடந்துபோய், மருந்தடிக்காத இடமாகப் பார்த்து இலை பிடுங்கிக்கொண்டு வருகிறாள். கழுவி, நீர் வடியவிட்டு, ஒரு தட்டில் போட்டுப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். பட்டியைத் தொடுவதில்லை. நான் பூட்டைத் திறந்து ஆமைக்குப் போடுவேன்.

போன ஞாயிறு மகள் வீடியோவில் அந்தத் தட்டைக் கண்டாள். “என்ன வடிவான இலை அப்பா, ஒரு பழுதும் இல்லை. ஆர் பிடுங்கினது?” என்று கேட்டாள்.

குசினி யன்னல் திறந்திருந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“நான்தான்,” என்றேன்.