காலி டப்பாவில் சோப்பு வாசனை

போன வாரம் என் மகளின் டிபன் டப்பாவைத் திறந்தேன். காலி. சந்தோஷம்தான்... ஆனால் உள்ளே சோப்பு வாசனை!

வித்யாவுக்கு ஒன்பது வயது. சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாதவள். அவள் ஸ்கூல் குழாயடியில் டப்பாவைக் கழுவிக்கொண்டு வருகிறாளா? யாராவது நம்புவார்களா?

முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்ச நாளாகவே சாயங்காலம் லைட் போடுவதற்குள் மாடிப்படியில் தடுமாறிக்கொண்டிருந்தாள். போன மாதம் அடையாறில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். "வைட்டமின் ஏ குறைய ஆரம்பிச்சிருக்கு. விட்டா கண்ணுக்கு ஆபத்து. சிப்ஸை நிறுத்துங்க, இன்டர்வெல்லுக்கு கேரட் குடுங்க. ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார். பயத்தில் எனக்கு இரண்டு நாள் சோறே இறங்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் கேரட்டை விரல் விரலாக நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புத் தூவி அனுப்புகிறேன். டப்பாவும் தினமும் காலி. கேரட் பொரியலைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்புகிற பெண், பச்சைக் கேரட்டைத் தின்கிறாளா? குப்பைத் தொட்டிக்குப் போகிறதா? காக்காய்க்கா?

சந்தேகம் வந்துவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. மறுநாள் அவளுடைய தண்ணீர் பாட்டிலை நானே ஒளித்து வைத்தேன். இன்டர்வெல் சமயத்தில் அதையே சாக்காக வைத்துக்கொண்டு சாந்தோமில் உள்ள அவள் ஸ்கூலுக்குப் போய் நின்றேன்.

வாதாம் மரத்தடியில் வித்யா. பக்கத்தில் அவள் கிளாஸ் ஸ்டெல்லா... மீன் விற்கும் அம்மாவின் மகள். ஸ்டெல்லா கையில் என் கேரட். வித்யா கையில் — நெத்திலி வறுவல்!

வெங்காயத்துக்கே நாள் கிழமை பார்க்கிற வீடு எங்களுடையது. மீன் வாடை போகத்தான் டப்பாவுக்குச் சோப்பா!

"ஆன்ட்டி, உங்க கேரட் செமையா கீது! டெய்லி மீனே துன்னு போர் அடிச்சிடுச்சி" என்றாள் ஸ்டெல்லா, வாய் நிறைய.

வித்யா அழ ஆரம்பித்தாள். "மீன் சாப்ட்டா கண்ணு நன்னா தெரியும்னு ஸ்டெல்லாவோட அம்மா சொன்னாளாம். நேக்கு பயமா இருந்துதும்மா... அப்பாட்ட சொல்லாதே!"

திட்ட வாயெடுத்தவள் அடங்கிப்போனேன். பயந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே!

காலி டப்பாவைப் பார்த்துப் பூரிக்கும் அம்மாக்களே, அது எந்த மரத்தடியில், யார் வாயில் காலியாகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? (என் கணவர் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

நேற்று மறுபடி டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பிரமாதம்! கேரட் வேலை செஞ்சிருக்கு" என்றார்.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுத்த சைவம்னா சும்மாவா டாக்டர்?"

வித்யா தரையைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். கேரட்டா, நெத்திலியா? நான் கேட்கவில்லை.

இன்று காலை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேரட் நறுக்கினேன். "ஒரு கொழந்தைக்கு இவ்ளோ எதுக்கு?" என்று கணவர் என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

ஸ்டெல்லாவுக்கும் இரண்டு கண் இருக்கிறதே!